ஏழாம் நம்பர் கார்டுல அஞ்சாவது ஓட்டை

இல்லம்மா, நீங்க கேட்டது எனக்கு நல்லாவே காதுல விழுந்துச்சு. உங்க பொண்ணு அஞ்சு குண்டு சுட்டா, கார்டுல அஞ்சு ஓட்டை இருக்கு, அப்புறம் எந்தக் கண்ணால பாத்து ஒண்ணுக்கு சைபர் போட்டேன்னு கேக்கறீங்க. அதானே? இருங்க, கையக் கழுவிக்கறேன். கார்டு ஒட்டற இந்த ஒட்டுப்பசை ஒரு சனியன். காஞ்சுதுன்னா தோலோடதான் வரும்.

இந்தக் கண்ணாலதாம்மா பாத்தேன். வேற கண்ணு எனக்கு இல்ல.

உக்காருங்க. நீங்க நின்னுக்கிட்டுப் பேசினா நாலு பேரு திரும்பிப் பாக்கறான். ஜூரி ரூம் வாசல்ல ஏற்கனவே ஒருத்தன் கழுத்த நீட்டிக்கிட்டு நிக்கறான், என்னமோ இங்க படம் ஓடற மாதிரி. அந்தத் துப்பாக்கிப் பெட்டியக் கொஞ்சம் தள்ளி வெச்சுட்டு உக்காருங்க. கிளப்புத் துப்பாக்கிதானே அது? தெரியும். கட்டையில விரிசல் விட்டு டேப்பு சுத்தி வெச்சிருப்பாங்க. அதைத் தூக்கிக்கிட்டு உங்க பொண்ணு இவ்வளவு தூரம் வந்திருக்கா பாருங்க, அதுக்கு அவளப் பாராட்டணும். நானே பாராட்டறேன். ஆனா சைபர் சைபர்தான்.

நேரம் இருக்குதான், யாரு இல்லன்னா? சைரன் ஊதற வரைக்கும் அப்பீல் பண்ணலாம். அதுக்குள்ள நான், தீர்ப்பு சொல்ற ஜூரிகிட்டப் போயி, சார், எனக்கு சரியாத் தெரியல, அந்தக் குண்டு ஏழாம் நம்பரோடதாவும் இருக்கலாம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சந்தேகம்னு வந்துட்டா சுட்டவங்களுக்குத்தான் சாதகம். உங்க பொண்ணுக்குப் பத்து கெடச்சிடும், மூணாவது எடத்துக்கு வந்துடுவா, முதல் மூணு பேருக்கு மின்சார ஆபீஸ் டீமுல எடம், எடத்தோட வேலை. எல்லாம் தெரியும்மா. இந்த ரேஞ்சுல சுத்தற நாய்க்குக்கூட இன்னிக்கு அது தெரியும்.

ஒரு வார்த்தைதான். ஆனா அது பொய்யி. எனக்குத் தெரியாமப் போகல, தெரிஞ்சுது. தெரிஞ்சத எப்படித் தெரியலன்னு சொல்லுவேன்?

என்ன சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க.

வேண்டியவங்களுக்குப் பண்ணிட்டேனா?

வாயில வர்றத அப்படியே கொட்டாதீங்கம்மா. எனக்கு யாரு வேண்டியவங்க? நாங்க கார்டு பாக்கற குழிக்குள்ள எறங்கற படியில பெருசா போர்டு மாட்டியிருக்கான், போயிப் பாருங்க. சொந்தக்காரங்க சுட்டா, அந்த லேனை நாங்க தொடக் கூடாது. அது மட்டுமில்ல, அதுக்கு அந்தப்பக்கம் ஒண்ணு, இந்தப்பக்கம் ஒண்ணு, அதையும் தொடக் கூடாது. தொட்டா அந்தக் கார்டே செல்லாது. தூக்கிப் போட்டுட்டு, புதுக் கார்டு மாட்டி, அஞ்சு குண்டையும் மறுபடி சுடச் சொல்லுவான். போன வருஷம் ஒருத்தன் மச்சானோட கார்டைத் தொட்டுட்டான்னு, பாவம் அந்த மச்சான் கொட்டற மழையில படுத்துக்கிட்டு மறுபடி சுட்டான். கார்டைத் தொட்டவன் அன்னிக்கு வீட்டுக்குப் போனவன்தான், இன்னி வரைக்கும் கூப்பிடல. அவ்வளவு கறாரு இங்க. வேண்டியவங்க, வேண்டாதவங்கன்னு இங்க வந்து பேசாதீங்க.

கோபமாத்தான் பேசுவேன். காலைலேருந்து தலைக்கு மேல படார் படார்னு வெடிச்சுக்கிட்டிருக்கு, மேல ஏறி வந்தா உங்கள மாதிரி ஆளுங்க. இங்க வர்ற அப்பன் ஆத்தா எல்லாருக்கும் ஒரே கதைதான். ஓட்டை கம்மியா இருந்தா, எம்புள்ள ரெண்டு குண்டையும் ஒரே ஓட்டையில விட்டுடுச்சுன்னு வந்து நிப்பாங்க. எல்லார் வீட்டுப் புள்ளையும் ஒரே ஓட்டையிலதான் விடும். அப்படி விடாத புள்ளை இந்த உலகத்துல பொறக்கவே இல்ல. நீங்க ஒருத்தர்தான் அஞ்சு ஓட்டையோட வந்து நிக்கறீங்க. சரி, அந்த மட்டுக்கும் புதுசு.

நீங்க இதுக்கு முன்னால ரேஞ்சுக்கு வந்ததில்லல்ல? அதான். ஆஸ்பத்திரியில சலவை மெஷினா? நைட் ஷிஃப்டா? அப்ப தூங்காம நேரா இங்க வந்திருக்கீங்க. சரி. சரிம்மா. சொல்றேன் கேளுங்க.

அந்தக் கடைசியில கார்டெல்லாம் வரிசையா நிக்குது பாருங்க. அதுக்குக் கீழ ஒரு குழி இருக்கு, ஆள் உயரத்துக்கு. அதுக்கு முன்னால மண்மேடு. நாங்க அந்தக் குழிக்குள்ளதான் இருப்போம். சுடறவங்க எங்க கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க, சத்தம் மட்டும்தான். அஞ்சு குண்டு முடிஞ்சதும் சங்கிலிய இழுத்துக் கார்டைக் கீழ எறக்கி, ஓட்டையப் பாத்து, இதுக்கு ஒம்போது, இதுக்குப் பத்துன்னு போடணும். அதான் என் வேலை. 

காலைல நான் ஒண்ணாம் நம்பர் கார்டுலேருந்து நாலாம் நம்பர் வரைக்கும்தான் பாத்தேன். மத்தியானம் ஏழாம் நம்பரைப் பாத்துக்கிட்டிருந்தவனுக்குப் பல்வலி, கன்னம் பன்னு மாதிரி வீங்கிப் போச்சு. மேனேஜர் குழி வாசல்ல நின்னுக்கிட்டு, யோவ், நீ ஏழுக்குப் போய்யான்னார். வேணாம் சார், வேற யாரையாவது போடுங்கன்னேன். ஆளு எங்கய்யா இருக்கு, ஒரு ரவுண்டுதானே, வாய மூடிக்கிட்டுப் போய்யான்னார். ஜூரிக்காரங்க வெளியூரு, அவங்களுக்கு எங்க மூஞ்சி எதுவும் தெரியாது. போனேன். போயிருக்கக் கூடாது. அந்த மனுஷனும் அனுப்பியிருக்கக் கூடாது.

இப்ப கேளுங்க. கடைசிக் கார்டு. ஏழுல நாலு குண்டு விழுந்துச்சு, நல்ல குண்டு. அஞ்சாவது வந்துச்சு பாருங்க, அது கார்டுக்கு வரல. முன்னால இருக்கற மண்மேட்டு விளிம்புல அடிச்சுது. ஒரு கூடை மண்ணு என் கழுத்துக்குள்ள எறங்குச்சு. இதோ பாருங்க, காலரை ஒதறினா இன்னும் கொட்டுது. உங்க பொண்ணுக்கு முழங்கை வழுக்கிச்சோ, மூச்சு தப்பிச்சோ, எனக்குத் தெரியாது. ஆனா அது உங்க பொண்ணோட அஞ்சாவது குண்டு. மண்ணுல போச்சு.

இருங்க, இருங்க, முடிக்க விடுங்க.

அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. எல்லாரும் சுட்டு முடிச்சாச்சு, எட்டு மட்டும் பாக்கி. எட்டுக்கு ஒரே ஒரு குண்டு மிச்சம் இருக்குன்னு குழியில எங்களுக்கே தெரியும். எட்டைப் பாக்கறவன் பேரு சீட்டி, எப்பவும் சீட்டி அடிச்சுக்கிட்டே இருப்பான், அவன்கூட நிறுத்திட்டு என்னய்யா இன்னும் சுடலன்னு என்னைப் பாத்தான். அப்புறம் ஒரு சத்தம். சங்கிலிய இழுத்தோம். அவன் எட்டுல நாலுதான்யா இருக்கு, ஒண்ணு வெளில போச்சுன்னான். நான் ஏழை எறக்கினேன். அஞ்சு ஓட்டை. நாலுதானே இருக்கணும்? அஞ்சாவது குண்டுதான் என் முதுகுல ஊறிக்கிட்டு இருக்கே!

தெரியும்மா, மண்ணு வேற எதாலயாவது விழுந்திருக்கும்னு சொல்லுவீங்க. அதுக்குத்தான் பின்னட்டைன்னு ஒண்ணு வெச்சிருக்கு. கார்டுக்குப் பின்னால ஒரு கை தள்ளி வெறும் அட்டை ஒண்ணு. நேரா வர்ற குண்டு கார்டுல எங்க விழுதோ, பின்னட்டையிலயும் அதுக்கு நேராத்தான் விழும். பக்கத்து லேன்லேருந்து வர்றது சாய்வா வரும். கார்டுல நடுவுல விழுந்தாலும், பின்னட்டையில ஒரு விரக்கடை தள்ளிப் போயிடும். நாலு ஓட்டை நேரா இருந்துச்சு. அந்த அஞ்சாவது, எடதுபக்கம் ஒரு விரக்கடை. எட்டு உங்க பொண்ணுக்கு வலதுபக்கம். கணக்கு சரியா இருக்கா? இதுல எங்கம்மா சந்தேகம்? எனக்குச் சந்தேகம் வந்தா நல்லா இருக்கும்னு நானே நாலு தடவ அந்த அட்டையத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். வரல. வரமாட்டேங்குது.

தெரியாமயா? எட்டாம் நம்பர் தெரியாம உங்க பொண்ணு கார்டுல சுட்டுட்டாளா? அப்படித்தான் ஜூரியும் நெனக்கறாங்க. நடக்கும். அவசரத்துல பக்கத்துக் கார்டப் பாத்து சுட்டுடறது எல்லா ரேஞ்சுலயும் நடக்கறதுதான்.

இது அப்படி இல்ல.

எட்டு எப்படி சுடும்னு எனக்குத் தெரியும். ரெண்டு மூச்சு, ஒரு குண்டு. ரெண்டு மூச்சு, ஒரு குண்டு. கடிகாரம் மாதிரி. மொத நாலும் அப்படித்தான் வந்துச்சு. அஞ்சாவதுக்கு மட்டும் அவ்வளவு நேரம். ஏன்? உங்க பொண்ணு குண்டு மண்ணுல போயி தூசி கெளம்பினத அது பாத்துடுச்சு. பாத்துட்டு யோசிச்சிருக்கு. யோசிச்சுட்டுத் துப்பாக்கிய எடதுபக்கம் திருப்பி, உங்க பொண்ணு கார்டுல நட்ட நடுவுல ஒரு பத்து போட்டுச்சு. புரியுதா? நாலு ஓட்டையா இருக்கறது அஞ்சாயிடும். எவனும் எண்ணிப் பாத்துட்டுப் பேசாமப் போயிடுவான். ஏழுக்குப் பத்து. எட்டு ஒரு குண்டத் தொலச்சுட்டா, பாவம். அவ்வளவுதான் கதை.

கழுதை! அந்த ஒரு குண்டத் தன் கார்டுல போட்டிருந்தா ரெண்டாவது எடம்மா. ரெண்டாவது எடம். வேலை கையில. தூக்கி எறிஞ்சுட்டா, என்னமோ பஸ்ஸுல எடம் குடுக்கற மாதிரி. நீங்க உக்காருங்க, நான் நின்னுக்கறேன்னு! மூளைன்னு ஒண்ணு இருந்தா எவளாவது இப்படிப் பண்ணுவாளா? எத்தன வருஷம் விடியறதுக்கு முன்னால எழுந்து, அந்த மரக்கட்டை மாதிரி சட்டையப் போட்டுக்கிட்டு, மூச்ச அடக்கிக்கிட்டுப் படுத்துக் கெடந்து... சே.

யாரோ பெத்த பொண்ண எதுக்குத் திட்டறேன்னா கேக்கறீங்க? யாரோ பெத்த பொண்ணு. சரி. திட்டல. விடுங்க.

இல்ல, ஆனா நீங்களே சொல்லுங்க. நான் அந்த சைபரைப் போட்டதால எட்டுக்கு என்ன கெடச்சுது? ஒண்ணும் இல்ல. அடுத்தவ கார்டுல சுட்டா சுட்டவளுக்கு அது போன குண்டுதான். நான் வாயத் தெறந்தாலும் சைபர், தெறக்கலன்னாலும் சைபர். நான் தெறந்ததால உங்க பொண்ணுக்கும் போச்சு. எவளோ நாலாவதா நின்னவ மூணாவதுக்கு வந்து கேன்டீன்ல எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்துக்கிட்டு இருக்கா. அப்ப யாருக்காகய்யா பண்ணேன்னு கேட்டா... கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். அட்டையக் கையில வெச்சுக்கிட்டு நிக்கும்போதே கேட்டேன். உள்ளத உள்ளபடி போடணும்னு போட்டேனா, இல்ல அந்தக் கழுதை மேல இருந்த ஆத்திரத்துல போட்டேனா? நேர்மைன்னு சொன்னா நல்லாத்தான் இருக்கு கேக்கறதுக்கு. பென்சில் முனை ஒடியற மாதிரி அழுத்திப் போட்டேம்மா. நேர்மையா இருக்கறவன் எதுக்கு அப்படி அழுத்திப் போடணும்?

உங்க பொண்ணு ஏன் வரல? நீங்க மட்டும் வந்து என்கிட்ட சண்ட போடறீங்களே, அவ ஏன் வரல? அதோ, தண்ணித் தொட்டிகிட்ட மொழங்கால்ல தலைய வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காளே, அவளக் கூப்பிட்டுக் கேளுங்க, உன் அஞ்சாவது குண்டு எங்கடி போச்சுன்னு. அவளுக்குத் தெரியும். வெளில போன குண்டு சுட்டவங்களுக்குத் தோள்லயே தெரியும். கார்டுல அஞ்சு ஓட்டைன்னு சொன்னதும் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டிருக்கும். பாவம், அது அப்பீல் பண்ண வரல பாருங்க. நல்ல பொண்ணு. அதனாலதான் எனக்கு இன்னும் எரியுது.

கையெடுத்துக் கும்பிடாதீங்க. எறக்குங்க கையை. நீங்க கும்பிட்டாலும் நான் போயி தெரியலன்னு சொல்ல மாட்டேன். சொல்ல முடியாது. அந்தப் பத்து உங்க பொண்ணோடது இல்ல.

ஏம்மா, ஒண்ணு கேக்கறேன். உங்க பொண்ணு வீட்டுல வாத்து வாத்துன்னு ஒருத்தியப் பத்திப் பேசுவாளா? ஆங், அதேதான். போன்ல ராத்திரி எல்லாம் சிரிக்கறது அவகூடத்தான். சுடறப்ப போடற அந்த வெறப்பான சூட்டை மாட்டிக்கிட்டா காலை அகட்டி அகட்டி நடப்பா, அதனால உங்க பொண்ணு வெச்ச பேரு. உங்க வீட்டுக்கு வந்திருக்காளா? வரல, நீங்க பகல்ல தூங்குவீங்கன்னு வாசலோட போயிடுவா. அவளேதான். என்னோட மழைக்கோட்டு ஒண்ணு உங்க வீட்டுல இருக்கணும், ஊதாக் கலரு, ஒருநாள் மழையில உங்க பொண்ணு போட்டுக்கிட்டுப் போனது. திருப்பித் தர வேணாம், சும்மா சொன்னேன்.

ஆமா. வாத்துதான் எட்டு. என் பொண்ணு.

ஏம்மா என்னையே பாக்கறீங்க? கேட்டீங்கல்ல, வேண்டியவங்க யாருன்னு. இதான்.

நான் ஏறி வந்ததும் நேரா அவகிட்டத்தான் போனேன். ஏன்டி இப்படிப் பண்ணேன்னேன். துப்பாக்கியத் தொடச்சுக்கிட்டே, நிமிந்துகூடப் பாக்காம சொல்றா, ஏழுல நீங்க நிக்கறீங்கன்னு தெரியும்ப்பா, பேசாம இருந்துடுவீங்கன்னு நெனச்சேன்னு. என்னைய ஒரு வார்த்தை கேக்காம! என்னையும் கணக்குல சேத்துக்கிட்டுத் திருப்பியிருக்கா துப்பாக்கிய. அப்புறம் சொல்றா, எனக்கு நீங்க இருக்கீங்க, அவங்க வீட்டுல அம்மா ஒருத்தர்தானேன்னு. நான் இருக்கேனாம்! என்ன மண்ணாங்கட்டி இருக்கேன்? குழிக்குள்ள இருக்கேன். காலரு பூரா மண்ணோட இருக்கேன்.

அழாதீங்கம்மா. அழறதுக்கு இப்ப நேரம் இல்ல. நீங்க இன்னும் புரிஞ்சுக்கல. நான் என்ன சொல்லிக்கிட்டு இருக்கேன்? அந்தப் போர்டு. எட்டு என் பொண்ணுன்னா நான் ஏழைத் தொட்டிருக்கக் கூடாது. தொட்டாச்சு. அப்ப அந்தக் கார்டு என்ன ஆகும்? செல்லாது. பத்தும் செல்லாது, சைபரும் செல்லாது, மொத்தமும் போச்சு. புதுசா அஞ்சு குண்டு. அவளே சுடணும், அவ குண்டு. யாரும் போடற பிச்சை வேணாம் உங்க பொண்ணுக்கு. அந்த டேப்பு சுத்தின துப்பாக்கிக்கே நாலு குண்டு நல்லா விழுந்துச்சு, நான்தான் எண்ணினேன்.

எட்டா? எட்டோட கார்டு சீட்டி பாத்தது. அது செல்லும். அது அப்படியேதான் நிக்கும்.

நானாப் போயி சொல்ல முடியாதும்மா, அப்பீல் நீங்கதான் பண்ணணும். உள்ள நீலக் கோட்டுப் போட்ட அம்மா ஒருத்தங்க இருப்பாங்க, அவங்கதான் ஜூரித் தலைவி. ஏழாம் நம்பர் கார்டைப் பாத்தவன் எட்டோட அப்பன்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் சொல்ல வேணாம். என்னைக் கூப்பிட்டுக் கேப்பாங்க, ஆமான்னு சொல்லிட்டுப் போறேன். மேனேஜர் குதிப்பார். குதிக்கட்டும், நான் அப்பவே வேணாம்னேன்ல? அப்புறம் என்னைக் குழிக்குக் கூப்பிட மாட்டாங்க. போகட்டும். இந்தப் பசையாவது ஒழியும்.

எழுந்திருங்க. போங்க, சைரனு ஊதப் போறான். பொண்ணையும் கூட்டிக்கிட்டுப் போங்க, மூஞ்சியக் கழுவச் சொல்லுங்க, அழுத கண்ணோட சுட்டா குறி தெரியாது. பெட்டிய விட்டுட்டுப் போறீங்க பாருங்க. இந்தாங்க.

நான் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போறேன், வாத்து அங்கதான் நிக்கும், காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடல. ஒண்ணு தெரியுமா, நான் கார்டு பாக்கற எடத்துல அவ சுட்டா எப்பவும் என்னை அந்தக் கடைசிக்கு அனுப்பிடுவாங்க. இத்தன வருஷத்துல அவ குண்டு என் கைக்கு வந்ததே இல்ல. இன்னிக்குத்தான் வந்துச்சு. விரலை வெச்சுப் பாத்தேன், நட்ட நடுவுல, கோட்டைக்கூடத் தொடல. அதுக்குத்தான் சைபர் போட்டேன்.

போங்கம்மா, ஓடுங்க.